சனிக்கிழமை எடை போட்டு எழுது

பாபநாசம்
ஆவணி மாசம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். ஆத்துல தண்ணி போகுது, குறுவை கதிர் வந்துருச்சு, அப்பாவுக்குச் சக்கரை பரவாயில்ல. ஊர்ச் சேதி அவ்வளவுதான். போன்ல பேசுனா "ம்", "சரிம்மா"ன்னு வச்சுடுற, அதான் எழுதுறேன்.

போன வாரம் "பால் பத்தலம்மா"ன்னு ஒத்தை வார்த்தை சொன்ன. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மீட்டிங்னு போயிட்ட. வீடியோவுல பாப்பாவை மட்டும் காட்டுற, மருமக முகம் கண்ணுல பட்டே நாளாச்சு. பின்னாடி அலமாரியில ஒரு மாவுப்பால் டப்பா இருந்துச்சு. அதை நான் கேக்கல, இப்பவும் கேக்கல. நான் கேக்கிறது ஒண்ணுதான். பாப்பா எடை எவ்வளவு?

14 வாரத்து ஊசி போட்டப்ப அட்டையில எழுதியிருப்பாங்க. அரசாங்க அட்டவணைப்படி அதுக்கப்புறம் 9 மாசத்துலதான் ஊசி. நடுவுல யாரும் கூப்பிட்டுத் தராசுல வைக்க மாட்டாங்க, நாமதான் போகணும். முதல் 3 மாசம் நாளைக்கு 25, 30 கிராம் ஏறுன புள்ள அதுக்கப்புறம் 15, 20 கிராம்தான் ஏறும். அதைப் பாத்துட்டுத்தான் பாதிப் பேரு புள்ள இளைச்சுப் போச்சு, பால் வத்திப் போச்சுன்னு முடிவு கட்டுறது. அஞ்சாறு மாசத்துல பொறந்த எடை ரெண்டு மடங்கு ஆனா சரி. ஒரே தராசு, துணி இல்லாம, வாரத்துக்கு ஒரு தடவை. நாளைக்கு ஆறு தடவை நல்லா ஒண்ணுக்குப் போகுதா? அதையும் எண்ணு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற புள்ள இந்த வயசுல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா வெளிக்குப் போனாலும் பயப்பட வேண்டியதில்ல. மார் முன்ன மாதிரி கனத்துக் கட்டிக்கலையேன்னு மருமக நெனச்சா, அதுவும் கணக்கில்ல. ஒன்றரை மாசத்துக்கு மேல மார் மெத்துன்னுதான் இருக்கும், பால் சுரந்துக்கிட்டேதான் இருக்கும். நாலு மாசத்துப் புள்ள ஒரு சத்தம் கேட்டா வாயை எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கும், அஞ்சே நிமிஷத்துல குடிச்சு முடிக்கும். பசி தீரலைன்னு அதுக்கு அர்த்தமில்ல.

அடுத்தது பாட்டில் கணக்கு. ஒரு மாசத்துலேருந்து ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 750, 800 மில்லி. வயசு ஏற ஏற அது பெருசா ஏறாது. மணிக்கு 30 மில்லின்னு வச்சுக்க, முன்னப்பின்ன இருக்கும். உங்க ஊர் டிராபிக்கோட சேத்து மருமக பத்து மணி நேரம் வெளியில இருந்தா 300, மிஞ்சிப் போனா 350. கெளம்புறப்ப வாசல்ல வச்சு ஒரு தடவை, வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை நேரா கொடுத்தா நடுவுல 90, 100 மில்லியா மூணு பாட்டில் போதும். நீங்க 180 மில்லி ஊத்துறீங்களோன்னு எனக்குச் சந்தேகம். அந்த அளவு மாவுப்பாலுக்குப் போட்ட அட்டவணை, தாய்ப்பாலுக்கு இல்ல. படுக்க வச்சு பாட்டிலைக் கவுத்தா எந்தப் புள்ளயும் 180-ம் குடிச்சுரும், அது வாயில தானா இறங்கும். சம்பந்தியம்மாகிட்ட இதைப் பக்குவமா சொல்லு: புள்ளையை நிமுத்தி உக்கார வச்சுப் புடிக்கணும், பாட்டில் படுக்கையா இருக்கணும், ரப்பர் சின்ன ஓட்டை உள்ளதா இருக்கணும், நாலு மடக்குக்கு ஒரு தடவை பாட்டிலைச் சாய்ச்சு நிறுத்தணும். பதினஞ்சு இருவது நிமிஷம் ஆகட்டும். வயித்தை ரொப்பி அனுப்புனா சாயங்காலம் அம்மா வந்ததும் மாரைத் தொடாது, மாரைத் தொடலைன்னா பால் குறையும். அப்பறம் பத்தலைங்கிறது நிஜமாவே ஆயிடும்.

மாடு கறக்கிற வீட்டுல பொறந்தவன் நீ. மடியில மிச்சம் விட்டா அடுத்தடுத்த நாள் குறையும்னு உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தேங்குன பாலே சுரப்பை மெதுவாக்கும். அடிக்கடி காலி பண்ணுனா வேகம் எடுக்கும். நடவுக்குப் போற பொம்பளைங்களுக்குக் கைப்புள்ளை இருந்தா இந்தப் பாடுதான். விடிகாலையில போயி மத்தியானம் வரைக்கும் மார் கட்டி, வலி பொறுக்காம வரப்புல பீச்சி விடுவாங்க. பீச்சுனவங்களுக்குப் பால் வத்தாம நிலைச்சுச்சு, பொறுத்துக்கிட்டவங்களுக்கு ஒரு மாசத்துல வத்துச்சு. ஆபீஸ்ல ஏசி இருக்குங்கிறதைத் தவிர வேற வித்தியாசம் இல்ல.

இப்ப பால் உறிஞ்சுற பம்பைப் பாரு. நீதான் பாக்கணும், அவ கழுவிக் களைச்சுப் போயிருப்பா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பிரிச்சு மேயுறவனுக்கு ஒரு வால்வைக் கழட்டிப் பாக்கத் தெரியாதா? மார்ல வைக்கிற புனலுக்குக் கீழ வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும், அதுதான் வால்வு. வெளிச்சத்துல அதோட நுனியை லேசா விரிச்சுப் பாரு. கீறல் இருந்தாலோ, வாய் மூடாம பிளந்து நின்னாலோ உறிஞ்சுற வேகம் பாதி கூட இருக்காது. மோட்டார் சத்தம் மட்டும் அப்படியே கேக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக்கு மூணு நாலு தடவை ஓடுற பம்புக்கு அதை ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பிரஷ் போட்டுத் தேய்ச்சா சீக்கிரம் கிழியும், விரலால கழுவுனா போதும். டியூப்புக்குள்ள ஈரமோ பாலோ ஏறியிருக்கா பாரு. சார்ஜ் இறங்குனாலும் இழுவை குறையும்.

புனல் அளவு அதைவிட முக்கியம். பெட்டியில வர்றது பெரும்பாலும் 24 மி.மீ. காம்போட அடியைக் குறுக்கால ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லு, பம்ப் போடுறதுக்கு முன்னாடி. புனல் அதுக்கு மேல 2, 3 மி.மீ. இருந்தா போதும். 16, 17 மி.மீ. உள்ளவங்களுக்கு 24 பெருசு. கருவட்டம் முழுக்க உள்ள இழுபடும், வலிக்கும், வீங்கும், பால் வராது. சின்னதா இருந்தா காம்பு உரசி வெளுத்துப் போகும். உள்ள செருகுற சின்ன வளையம் தனியா விக்குது, விலையும் கம்மி. அம்மா இதெல்லாம் எழுதுறாளேன்னு கூச்சப்படாத, நர்சு வேலையில, சப் சென்டர்ல ஆம்பளைங்களையும் உக்கார வச்சுத்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறது.

போடுற முறை: முதல்ல கையால நீவி விட்டு, ரெண்டு நிமிஷம் வேகமா, லேசா இழுக்கிறதுல வைக்கணும். பால் பீச்ச ஆரம்பிச்சதும் மெதுவா, ஆழமா இழுக்கிறதுக்கு மாத்தணும். வலிக்கிற அளவுக்கு ஏத்தக் கூடாது. வலி வந்தா பால் இறங்காது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, ஓடுறப்பவே கையால மாரை மெதுவா அமுக்கிக் கொடுத்து, 15, 20 நிமிஷம். நின்னுடுச்சுன்னா மறுபடி வேகமானதுல ஒரு நிமிஷம் வச்சா இன்னொரு தடவை இறங்கும். கடைசியில கையால ரெண்டு நிமிஷம் பீச்சணும், கொழுப்புள்ள பால் அதுலதான். ஆபீஸ்ல மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, மூணு தடவை. ஒரு தடவைக்கு ரெண்டு பக்கமும் சேத்து 90, 100 வந்தா மேல சொன்ன கணக்கு சரியாப் போச்சு. 60, 70 வந்தா விடிகாலை அஞ்சு மணிக்குப் புள்ள குடிச்சப்புறம் ஒரு தடவை போடட்டும், அந்த நேரத்துலதான் சுரப்பு அதிகம். பாட்டிலைப் பாத்துக்கிட்டே போட வேண்டாம்னு சொல்லு, ஒரு காலுறையைப் போட்டு மூடிடு. திங்கக்கிழமை நிறைய வரும், வெள்ளிக்கிழமை குறையும். சனி, ஞாயிறு நேரா கொடுத்தா திரும்ப ஏறும். வெள்ளிக்கிழமை அளவை வச்சு யாரும் அழ வேண்டாம்.

ரொம்பக் குறைஞ்சிருந்தா நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி 20 நிமிஷம் போட்டு, 10 ஓய்வு, 10 போட்டு, 10 ஓய்வு, 10 போடணும். ஒரு வாரம் விடாம. முதல் மூணு நாள் ஒரு சொட்டு கூட வராம இருக்கலாம், நிறுத்தக் கூடாது.

ஆபீஸ்ல நேரம் தரலைன்னா சட்டம் இருக்கு. 26 வாரம் லீவு மட்டும் இல்ல, புள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு ரெண்டு இடைவேளை பாலுக்குன்னே கொடுக்கணும். 2017 திருத்தத்துக்கு அப்புறம் 50 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடத்துல குழந்தைகள் காப்பகமும் வேணும். லீவுல 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்க வச்சிட்டீங்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. அப்ப ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்.

ராத்திரி. இதுலதான் பால் போறது. சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் ஏறி நிக்கும். அவ தூங்கட்டும்னு நீ ராத்திரி பாட்டில் கொடுக்கிறியா? கொடுத்தா நல்ல எண்ணத்துலதான், எனக்குத் தெரியும். புள்ளையைக் குளிப்பாட்டுற, துணி துவைக்கிறன்னு உங்க அத்தைகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? ஆனா ராத்திரிப் பாலை விட்டுடாத. நீ எழுந்து துணி மாத்தி, புள்ளையை அவ பக்கத்துல படுக்க வை, குடிச்சதும் நீ தூக்கித் தட்டிக் கொடு. அவ கண்ணை மூடிக்கிட்டே கொடுக்கட்டும்.

பீச்சுன பாலைச் சம்பந்தியம்மா காய்ச்சிக் கொடுக்கிறதா நீ சொன்ன ஞாபகம். காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவ்லயும் வைக்கக் கூடாது. சுடுதண்ணிக் கிண்ணத்துல பாட்டிலை நிறுத்துனா போதும். ஏடு மாதிரி மேல மிதக்கிறது கொழுப்பு, கெட்டுப் போகல, லேசா சுழட்டுனா கலந்துரும். 25 டிகிரி வரைக்கும் வெளியில 4 மணி நேரம், பிரிட்ஜ்ல உள்பக்கம் 4 நாள், கதவுல வேண்டாம். பிரீசர்ல 6 மாசம். ஐஸ் கட்டி வச்ச பையில ஒரு நாள். உறைஞ்சதை இளக்குனா 24 மணி நேரத்துக்குள்ள, திரும்ப உறைய வைக்காத. புள்ள வாய் வச்சது ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆனா கொட்டிடு, மனசு கேக்காதுதான். தீபாவளிக்கு வர்றப்ப நம்ம ஊர்ச் சூட்டுக்கு அந்த 4 மணி நேரக் கணக்கை நம்பாதீங்க.

சாப்பாடு பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் அவ உடம்புக்கு நல்லது, நிறையவே சாப்பிடட்டும், நாளைக்கு 600 கலோரி கூட வேணும். ஆனா மாரைக் காலி பண்ணாம எந்தப் புட்டும் பால் தராது. தாகத்துக்குத் தண்ணி குடிச்சா போதும், குடம் குடமா குடிச்சுப் பிரயோசனமில்ல. வெந்தயத்தை அள்ளிப் போட வேண்டாம், அவ தைராய்டு மாத்திரை சாப்பிடுறா.

அந்த மாத்திரைதான் எனக்கு இன்னொரு சந்தேகம். பிரசவத்துக்கப்புறம் ரத்தம் பாத்தாங்களா? தைராய்டு சரியில்லைன்னாலும், ரத்தசோகை இருந்தாலும் பால் குறையும். காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரையையும், கூடவே சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரையையும் ஒண்ணா முழுங்குனா தைராய்டு மாத்திரை சரியா உடம்புல சேராது. நாலு மணி நேரம் இடைவெளி விடணும். அப்பறம், இதைத் தாய் மகனுக்கு எழுதக் கூடாதுதான், நர்சா எழுதுறேன்: கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தா பால் குறையும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை இதுல எதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மூக்கடைப்பு மாத்திரையில சூடோஎபெட்ரின் இருந்தா அதுவும் ஆகாது. பால் ஊற மாத்திரைன்னு கடையில தானா வாங்கிப் போடாதீங்க, இதயத் துடிப்பு சம்பந்தப்பட்டது அது. மார்ல சிவந்து கட்டி, காய்ச்சல் வந்தா அழுத்திப் பிசையாத. ஐஸ் ஒத்தடம் கொடு, பால் கொடுக்கிறதை நிறுத்தாத, மறுநாளும் காய்ச்சல் இருந்தா டாக்டர்.

தராசுல எடை ஏறலைன்னா டப்பாப் பால் கொடுக்கத்தான் வேணும். அதுல தப்பே இல்ல, புள்ள வயிறுதான் முதல்ல. டாக்டர் சொன்ன அளவு, உள்ள இருக்கிற கரண்டியில தட்டையா வழிச்சு, அதுல எழுதியிருக்கிற தண்ணி. செலவு மிச்சம்னு தண்ணி கூட்டாத. ஆனா ஒவ்வொரு தடவை டப்பா திறக்கிறப்பவும் அவ ஒரு தடவை பம்ப் போடணும், இல்லாட்டி அந்த வேளைப் பால் வேண்டாம்னு உடம்பு கணக்கு வச்சுக்கும். மாட்டுப்பாலும் கஞ்சியும் தேனும் வேண்டாம். ஆறு மாசம் ஆகட்டும், அப்பக் கஞ்சி. தேனும் மாட்டுப்பாலும் ஒரு வயசுக்கப்புறம்.

டப்பா வாங்குனதுக்காகத்தான் மருமக என் முன்னாடி வர்றதில்லைன்னா, நான் ஒண்ணும் நெனைக்கலைன்னு சொல்லு. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கியே வச்சிருக்காங்க. பால் பத்தாம போறது உலகத்துல இவ ஒருத்திக்கு மட்டும் நடக்கல. அது இல்லாம வேற காரணம்னா எனக்கு எழுது. புள்ள தூங்குறப்பவும் அவளுக்குத் தூக்கம் வரலையா? சோறு இறங்கலையா? காரணமில்லாம அழுவுறாளா, புள்ளையைத் தூக்கவே பயப்படுறாளா? இது ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, தள்ளிப் போடாத. பால் கொடுத்துக்கிட்டே சாப்பிடுற மாத்திரை இருக்கு. ராத்திரி நேரத்துல யாருகிட்ட கேக்கிறதுன்னு தெரியலைன்னா அரசாங்க மனநல உதவி போன் 14416, தமிழ்லயே பேசுவாங்க. புள்ளையையோ தன்னையோ ஏதாவது பண்ணிக்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தா அவளைத் தனியா விடாத, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இந்தக் கடிதத்தை அவ கையில கொடுக்காத, மாமியா பரீட்சை வைக்கிற மாதிரி ஆயிடும். நீ படி, நீ செய். நான் வரணும்னா சொல்லு, மைசூர் எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்துடுறேன். சம்பந்தியம்மா இருக்கிறப்ப நான் வர்றது சரியில்லைன்னு நெனச்சா அதையும் சொல்லு, எனக்கு வருத்தம் கிடையாது.

சனிக்கிழமை எடை போடு. 14 வாரத்து எடையையும் அட்டையிலேருந்து பாத்து, ரெண்டையும் தேதியோட எழுது.

அம்மா

பி.கு.: வால்வு வாங்குறப்ப பம்போட மாடல் பேரைச் சொல்லி வாங்கு. எல்லாத்துக்கும் சேரும்னு விக்கிறது பல நேரம் சேராது, காத்து கசியும். ரெண்டு ஜோடியா வாங்கி ஒரு ஜோடியை அவ ஆபீஸ் பையில போட்டு வை.