பேபி பொயின்டில் பலகை தள்ளும் தம்பிமாருக்கு

அன்பின் தம்பிமாரே,

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழக்கும் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

போன கிழமை, புதிதாகப் பழகுபவர்கள் இறங்கும் பேபி பொயின்டில் என் மகள் ஓர் அலையில் எழும்பி நின்றாள். ஒன்பது வயது. இடுப்பளவு அலைதான். பயிற்றுநர் ஒருவர் தன் மாணவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட, எட்டடிப் பலகை நேரே அவள்மேல் ஏறியது. பலகையின் அடியில் துருத்தி நிற்கும் ஃபின் புருவத்தைக் கிழித்தது, மூன்று தையல். தள்ளியவர் அதைக் காணவே இல்லை. அடுத்த மாணவரின் பலகையைப் பிடித்தபடி கடல் பக்கம் திரும்பியிருந்தார். அவருடன் நேரில் பேசிவிட்டேன், பெயர் வேண்டாம்.

மெயின் பொயின்டில் அடியில் கல் இருக்கிறது, எல்லோரும் பயந்து நடக்கிறார்கள். இங்கே மணல், அலையும் சாது. அந்தத் தைரியத்தில்தான் கவனம் விட்டுப்போகிறது. திறந்த கரையில் அலை அங்கொன்றும் இங்கொன்றுமாக உடையும், ஆட்களும் பரந்து நிற்பார்கள். முனையைச் சுற்றி வரும் அலை அப்படியல்ல. ஒரே இடத்தில் உடையத் தொடங்கி, கரையைப் பார்த்து வருபவருக்கு வலப்பக்கமாகவே ஓடும். ஓகஸ்டில் அந்த ஒரே இடத்தில் முப்பது பேர் குந்தியிருந்தால் என்ன நடக்கும்?

எங்கள் வாப்பாமார் கரைவலை இழுத்தவர்கள். ஒருவர் முறையில் மற்றவர் அந்த இடத்தில் வலை வளைக்கமாட்டார். பசி இருந்தாலும் காத்திருப்பார். அலைக்கும் அதே கணக்குத்தான்: உடையும் இடத்துக்குக் கிட்ட இருப்பவருக்கே அலை.

தள்ளுமுன் நீங்களே அலை உடைந்து வரும் இடப்பக்கம் பாருங்கள், யாராவது வருகிறார்களா என்று. மாணவருக்கும் அதைக் கரையிலேயே பழக்குங்கள். விழுந்தால் பலகையை வீசிவிடாமல் பிடிக்கவும், திரும்பும்போது அலையின் குறுக்கே வராமல் சுற்றி வரவும் சொல்லிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் போதும். ஒருவர் ஆறு பேரைக் கடலுக்குள் கூட்டிப்போவதையும் நிறுத்துங்கள். இரண்டு கைதானே இருக்கிறது.

மே முதல் ஒக்டோபர் வரை உழைத்தால்தான் வருடம் ஓடும் என்பது எனக்கும் தெரியும். நானும் இதே கரையில் பலகை வாடகைக்கு விட்டவன். ஆனால் 2018இல் இங்கே பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பலகையைத் தொட்டார்கள். அவர்கள் பழக இந்த அலையை விட்டால் கிட்டத்தில் வேறு இடமில்லை. விஸ்கி பொயின்டுக்குப் போக ஓட்டோக் காசு வேண்டும்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கும் பக்கம் நிற்பேன். முறையை எப்படி வைக்கலாம் என்று பேசுவோம். தேத்தண்ணி என் கணக்கு. மகளும் வருவாள், தையல் இன்னும் வெட்டவில்லை.

இப்படிக்கு,
பொத்துவில் தகப்பன் ஒருவன்