மீட்டர் இழுத்த மின்னோட்டம்

அன்புள்ள நண்பனுக்கு,

கண்புரை அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. மின்தடைகளின் வண்ணப் பட்டைகளைப் பழையபடி படிக்க முடிந்ததும் முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

கதிர்வீச்சை உணரும் கைகர் குழாய்க்காக நீ கட்டிய 400 வோல்ட் மின்வழங்கி, மல்டிமீட்டரை வைத்தால் 310 வோல்ட்தான் காட்டுகிறது என்று வருந்தியிருந்தாய். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்றால், அந்த 310 வோல்ட்டில் அதுவே 31 மைக்ரோஆம்பியரை இழுத்துக்கொள்கிறது; அந்தச் சுமையில்தான் அழுத்தம் சரிகிறது. பின்னணிக் கதிர்வீச்சில் நிமிடத்துக்குச் சில பத்துத் துடிப்புகள் மட்டுமே தரும் உன் குழாய்க்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 100 மெகா ஓம் மின்தடைகள் பத்தைத் தொடராகக் கோத்து, ஒரு முனையை 400 வோல்ட்டில் இணைத்து, மறுமுனைக்கும் கிரவுண்டுக்கும் (வழங்கியின் சுழிய வோல்ட் முனைக்கும்) இடையே மீட்டரை வைத்துப் பார். வழங்கி சரியாக இருந்தால் 3.96 வோல்ட் காட்டும்; அதை 101 ஆல் பெருக்கிக்கொள்.

குழாய் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்க மீட்டரை 400 வோல்ட் கம்பியில் நுழைத்துவிடாதே. குழாயிலிருந்து கிரவுண்டுக்குத் திரும்பும் கம்பியை வெட்டி, அங்கே 1 கிலோ ஓம் மின்தடையை வைத்து, அதன் இரு முனைகளிலும் மில்லிவோல்ட்டைப் படித்தால், ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மைக்ரோஆம்பியர். அந்த மின்தடை எங்காவது அறுந்துபோனால் முழு அழுத்தமும் மீட்டரின் மேல் வந்து விழும் என்பதால், எதிரெதிர்த் திசையில் இரண்டு டையோடுகளை அதற்கு இணையாகப் பற்றவைத்துவிடு. ஒவ்வொரு முறையும் கம்பியைத் தொடுமுன் மின்தேக்கியை ஒரு மின்தடை வழியாக வெறுமையாக்க வேண்டும் என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

என் வழங்கியில் குழாயைக் கழற்றிய பின்னும் 4 மைக்ரோஆம்பியர் ஓடியது. இரண்டு நாள் தேடிய பிறகுதான், குழாய்ப் பிடிப்பான் இருந்த பலகையில் நான் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது சேர்க்கும் இளக்கி) கசடு, 100 மெகா ஓம் மின்தடையைப் போல இருந்து அதைக் கசியவிட்டது தெரிந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் அளவு சுழியத்துக்கு இறங்கியது.

பேட்டரியிலிருந்து வழங்கி இழுக்கும் மின்னோட்டத்தின் அளவை மட்டும் உடனே நம்பாதே. அங்கே மின்னோட்டம் துடிப்புகளாகப் பாய்வதால், மீட்டருக்கு அடுத்து, வழங்கியின் இரு உள்ளீட்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பெரிய மின்தேக்கியை வைத்த பிறகே எண் நிலைக்கும். குழாயுடனும், குழாய் இல்லாமலும் நீ எடுக்கும் இரண்டு அளவுகளையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்