ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளின் மருந்துகளை மருந்தாளுநர் சரிபார்த்துத் தர ஏற்பாடு கோரி மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் மற்றும் பொதுமக்கள்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர் – 632 009.

பொருள்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோருக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் மூலம் மருந்து ஆலோசனை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரின் புது மாத்திரைகளையும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எதைச் சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்று நிதானமாகச் சொல்லித்தர எங்கள் பகுதியில் ஆள் இல்லை. இந்த வேலையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் மருந்தாளுநர்களிடம் முறைப்படி ஒப்படைத்து, அதற்கு நேரமும் ஒதுக்கித் தருமாறு கேட்டு இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

வைத்தியத்துக்குக் குறை இல்லாத மாவட்டம் இது. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை வைத்துப் பெரிய ஆபரேஷனே செய்துகொள்ள முடிகிறது. உயிரைக் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள், அதில் எங்களுக்கு மனக்குறை கிடையாது. சிக்கல் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் தொடங்குகிறது. காப்பீட்டுக் கையெழுத்து, பில், ஊருக்கு வண்டி பிடிப்பது என்று கூட வந்தவர் அன்றைக்கு அலைந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் இங்கிலீஷில் அடித்த தாளும் ஒரு பை மாத்திரையும் கைக்கு வரும். "1-0-1" என்று போட்டிருப்பது காலை ஒன்று, இரவு ஒன்று என்று படித்தவர்களுக்கு விளங்கும். வீட்டு டப்பாவில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளை என்ன செய்வது என்பது, நாங்கள் பார்த்த தாள்களில் எழுதியிருந்ததில்லை.

இதை எழுதும் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு ரத்தக்கொதிப்புக்காக, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் மூலம் அட்டெனலால் மாத்திரை வந்துகொண்டிருந்தது. நெஞ்சுவலி என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நன்றாகப் பார்த்து அனுப்பினார்கள். அனுப்பும்போது கொடுத்ததில் மெட்டோபிரலால் இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரே வகை மருந்து என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? பழையதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. "வீடு தேடி வந்து கொடுக்கிறாங்க, அதை எப்படிம்மா வேணாம்னு சொல்றது?" என்று மாமியார் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் தலைசுற்றல் ஆரம்பித்தது. எழுந்து நின்றால் கண்ணை இருட்டியது. ஒரு நாள் காலையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். நாடி மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னவர் அங்கிருந்த மருந்தாளுநர் அக்கா. நாங்கள் கொண்டுபோன மஞ்சப்பையை அப்படியே மேசையில் கொட்டினார். காலாவதியான இருமல் மருந்து, எப்போதோ முழங்கால் வலிக்கு வாங்கியது, பெயர் அச்சான பக்கத்தைக் கடையில் கத்தரித்துவிட்ட அரை அட்டை, எல்லாம் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். அப்புறம் அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அம்மா, இது ரெண்டும் செய்யிறது ஒரே வேலைதான். ஒண்ணுதான் சாப்பிடணும். எதுன்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். டாக்டர் அட்டெனலாலை நிறுத்தினார், மாமியார் தேறிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அந்த அக்கா தன் வேலைக்கு நடுவே எங்களுக்காக ஒதுக்கிக்கொண்ட நேரம் அது. அதற்கென்று அவருக்கு யாரும் நேரம் ஒதுக்கித் தந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டோடு முடிந்திருந்தால் மனு எழுத வேண்டியதில்லை. குழுக் கூட்டத்தில் பேச்சை எடுத்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அரசு மாத்திரை அட்டையில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும், தனியார் கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு முறை போட்டுக்கொள்வது இதனால்தான். இதய ரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவர்கள், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று, ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் குளோபிடோகிரெலைத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு வரலாம். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து. தவறித் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் அது வந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு இதை யார் சொல்வது? இன்சுலினும் அப்படித்தான். திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? இப்போது குத்திக்கொண்டிருக்கும் பாட்டிலையாவது, ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி அதில் வைக்கலாம் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம் மருந்துகளால் வரும் தீங்கைக் குறைக்க 2017-ல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதில் முக்கியமாகக் கவனிக்கச் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்று, நோயாளி ஒரு சிகிச்சை இடத்திலிருந்து இன்னொன்றுக்கோ வீட்டுக்கோ மாறும் நேரம். இங்கிலாந்தில் 2021 பிப்ரவரியிலிருந்து, மருந்தில் உதவி தேவைப்படும் நோயாளி வீடு திரும்பும்போது மருத்துவமனையே அவருடைய ஊர் மருந்துக்கடைக்குத் தகவல் அனுப்புகிறது. அங்குள்ள மருந்தாளுநர் பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுவிட்டு நோயாளியிடம் பேசுகிறார். நம் நாட்டிலும் 2015-ல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் அத்தனை பேர் நிற்கும்போது அதைச் செய்ய எந்த மருந்தாளுநராலும் முடியாது.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்ய வேண்டுகிறோம்.

மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளும், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும், டிஸ்சார்ஜ் தாளோடு தமிழில் ஒரு மருந்து அட்டை கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்த்தது எது, அளவு மாற்றியது எது, நிறுத்தியது எது என்று மூன்று கட்டம் அதில் இருந்தால் போதும். பொதுப்பெயரும் கம்பெனி பெயரும் இரண்டும் எழுத வேண்டும். நோயாளி சம்மதித்தால் அதன் நகல் அன்றே அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

வீடு வந்த ஒரு வாரத்துக்குள் நோயாளியோ வீட்டில் ஒருவரோ எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துவந்து மருந்தாளுநரிடம் காட்ட, வாரத்தில் இரண்டு நாள் மதியமாவது தனி நேரம் ஒதுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிகிச்சை அளித்த மருத்துவரை மருந்தாளுநர் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். ஏற்கெனவே மருந்து கொடுப்பது, இருப்புப் பதிவேடு எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. இதையும் சும்மா ஏற்றிவிட்டால் யாருக்கும் பயன் இருக்காது. காலியாக உள்ள மருந்தாளுநர் பணியிடங்களை நிரப்பப் பரிந்துரைக்க வேண்டும். மருந்தாளுநர்களுக்கான ஃபார்ம்.டி. பட்டப் படிப்பில் ஆறாவது ஆண்டு முழுக்கப் பயிற்சிதான். அந்த மாணவர்களை மருந்தாளுநரின் மேற்பார்வையில் இந்த நேரத்துக்கு அனுப்பலாம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று எங்கள் தெரு வரை வருகிறது. அதன் தன்னார்வலர்கள் மாத்திரை கொடுக்கும் முன், "போன தடவைக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் இருந்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆமாம் என்றால், பழைய மாத்திரையைக் கொடுக்கும் முன் மருந்தாளுநருக்கு போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிடுங்கள். எங்கள் மாமியார் விஷயத்தில் இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலைக் கிராமத்தார் இதற்காகக் கீழே இறங்கி வருவது கடினம். நடமாடும் மருத்துவ வண்டி மலைக்குப் போகும் நாட்களில் ஒரு மருந்தாளுநரும் கூடப் போனால் நல்லது.

மாவட்டம் முழுவதும் உடனே முடியாது என்றால், முதல் மூன்று மாதம் அணைக்கட்டு வட்டாரத்தில் மட்டுமாவது நடத்திப் பாருங்கள். வீடு திரும்பியவர்களை மருந்தாளுநரிடம் அழைத்து வரும் பொறுப்பை எங்கள் குழுக்கள் ஏற்றுக்கொள்ளும். இது பற்றிச் சுகாதாரத் துறை அதிகாரிகளோடு தாங்கள் நடத்தும் கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழைத்தால், நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அணைக்கட்டு வட்ட மகளிர் குழு உறுப்பினர்கள் மற்றும் பொதுமக்கள்

இணைப்பு: 1. கையெழுத்துப் பட்டியல். 2. தமிழ் மருந்து அட்டையின் மாதிரி.