அந்த இரவில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

சேலத்து மக்களுக்கும் சேர்வராயன் மலை உறவுகளுக்கும் வணக்கம்.

நாகாலாந்தின் கொஹிமாவில் மலை நடையை முடித்துவிட்டு, கால் இழந்த ராணுவ வீரனான என் தம்பியும் அவனோடு சிகிச்சையில் இருந்த வீரர்களும் நானும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். அந்த நடைக்கான பயிற்சியின்போது, இரவில், ஏற்காட்டு மழையில் நாங்கள் பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. தேடி வந்தவர்களே நீங்கள்தான். நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி கொடுத்த டெம்போ உரிமையாளர், காசு வாங்காமல் வந்துபோன பிசியோதெரபிஸ்ட், டார்ச் விளக்கோடு காப்பித் தோட்டங்களில் தேடிய இளைஞர்கள், வழிச்செலவுக்குப் பணம் திரட்டிய முன்னாள் ராணுவத்தினர், குகை, அம்மாப்பேட்டைக் கடைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

நாகலூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கதவு திறந்த பாட்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். செயற்கைக் கால் மாட்டுகிறவர்களுக்கு உள்ளே அணியும் கம்பளி உறைதான் உயிர். நடக்க நடக்க எஞ்சிய கால் சுருங்கும். உறையின் மேல் உறை போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். ஈர உறையோடு நடந்தால் தோல் உரிந்துவிடும், புண் ஆறும்வரை காலை மாட்டவே முடியாது. அன்று ஓர் உறைகூடக் காய்ந்ததாக இல்லை.

தம்பி வீட்டில்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் காலைக் கழற்றுவான். பாட்டி அவனை அடுப்பருகே உட்காரவைத்து, ஈரத்தைக் கழற்றித் தரச் சொன்னார். கழற்றினான். கால் எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. முறத்தில் உறைகளைப் பரப்பி, அடுப்புச் சூட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டார். அவ்வப்போது ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போன கைக்கு ஈரம் தெரியாதாம், கன்னத்துக்குத்தான் தெரியுமாம். விடியும்வரை அவர் படுக்கவே இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் தம்பி காலை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் இறங்கினான்.

ஏற்காட்டின் உயரமும் கொஹிமாவின் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் பயிற்சிக்கு உங்கள் மலையைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் கடைசியில், கொஹிமாவில் இருந்த ஜப்பானியப் படையைச் சுற்றி வளைக்க, அருகிலுள்ள புலி பட்ஸே மலைக்காட்டுக்குள் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவு நுழைந்தது. நாகா மக்கள் வழிகாட்டி, சுமை தூக்கி, காயம்பட்டவர்களையும் சுமந்தார்கள். அந்தப் பாதையில் தம்பியும் அவனோடு சிகிச்சையில் இருந்த வீரர்களும் நடந்தார்கள், நானும் கூடவே நடந்தேன். இளைப்பாற உட்கார்ந்த இடத்தில், எல்லோர் கண்முன்னேயும் அவர்கள் காலைக் கழற்றி, உறையை வெயிலில் காயப்போட்டார்கள். தம்பி ஓர் உறையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஹிமா போர்க் கல்லறையில், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் படித்தோம். சுமந்துசென்ற நாகாக்களின் பெயர்களையும் அப்படிப் படிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. பாட்டியின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பாட்டி, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் நானும் தம்பியும் வருகிறோம். கூடை தூக்க ஆள் வேண்டுமே. இன்னொன்று: சர்க்கரை நோயாலோ விபத்தாலோ கால் இழந்தவர்கள் சேலத்தில் பலர் இருக்கிறார்கள். மாற்று உறை வாங்க வசதியில்லாதவர்களுக்கு இனி எங்கள் வீட்டில் எப்போதும் உறை இருக்கும். வாங்கிச் சேர்த்துவைக்கத் தொடங்கிவிட்டேன். தேவைப்படுகிறவர்களை எங்களிடம் அனுப்புங்கள்.