கோடிக்கரையைக் கோத்தகிரியில் ஒலிக்கவைத்தவர்களுக்கு

எங்கள் பேண்டுப் பிள்ளைகள் நான் எழுதிய 'கோடிக்கரை' இசையை வாசித்த கச்சேரி நல்லபடியாக முடிந்துவிட்டது. பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த மழை இரவில் எங்கள் பேண்டு அறையைத் தண்ணீர் அடித்துப்போய் வாத்தியங்கள் நனைந்தது ஊருக்கே தெரியும். வாத்தியப் பெட்டிகளைத் தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றிய பெற்றோர்கள், வாடகை வாங்க மறுத்த பிக்கப் வண்டித் தம்பி, ஹாலைத் திறந்துவிட்ட தேவாலயத்தார், படகர் ஊரான ஹட்டியிலிருந்து சோறு கொண்டுவந்த அக்காக்கள், கைவசமிருந்த, கிளாரினெட்டின் வாயில் பொருத்தி ஊதும் ரீடுகளை எல்லாம் கொடுத்த ஓய்வுபெற்ற ராணுவ பேண்டு ஐயா, உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்க்கும் அண்ணன் அவர். முன்பின் பழக்கமில்லை. "மாஸ்டர், ரோடு அடைச்சதுல இலை வரலைங்க. இலை வாட்டுற தொட்டி காலியாத்தான் கெடக்கு, வாத்தியத்தைக் காயவைக்க எடுத்துட்டு வாங்க" என்றார். முதலாளியிடமும் அவரே பேசி வைத்திருந்தார்.

டிரம்பெட், யூபோனியம் போன்ற பித்தளை வாத்தியங்களைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கிளாரினெட் மரம். நனைந்த மரத்தைச் சூட்டில் காட்டினால் விரிசல் விட்டுவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சூடு ஆகாதுங்க, இலையும் இப்படித்தான், அவசரப்பட்டாக் கெட்டுரும்" என்றார். சூட்டுக்காற்று வரும் கதவை விரலிடை அளவு திறந்து, கம்பி வலைக்கு மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குறைத்தார். விடியும்வரை ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் போட்டார். கிளாரினெட்டின் துளைகளை மூடும் பேடுகள் ஊறி, சாவியைத் தூக்கினால் 'சப்'பென்று ஒட்டின. பேடுக்கடியில் சிகரெட் தாளை வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுக்கும் வித்தையை நான் ஒரு தடவை செய்துகாட்டினேன். அதற்கப்புறம் என்னைவிடப் பதமாக அவர் செய்தார். ஒரு கிளாரினெட்டும் விரியவில்லை.

அவை போயிருந்தால் 'கோடிக்கரை'யே போயிருக்கும். வெளிமான்களின் ஓட்டத்தைச் சைடு டிரம் பார்த்துக்கொள்ளும். சேற்றில் மேயும் பூநாரைக் கூட்டத்தின் முணுமுணுப்பைக் கிளாரினெட்டுகளின் கீழ்ச்சுருதிக்குத்தான் எழுதியிருந்தேன். ஒன்று மூச்சு விடும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். வயலின் போன்ற தந்தி வாத்தியமே இல்லாத கான்சர்ட் பேண்டில் அந்த இடத்தை வேறு எதற்குக் கொடுப்பது?

தொட்டியருகே உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்றால், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குதான் பெருமழை. எங்கள் அறையை அடித்துப்போன அதே பருவமழைதான் கோடிக்கரைச் சதுப்புகளை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் பூநாரைகள் வருகின்றன. மழையைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

வெளிமானுக்காக 1967-லேயே சரணாலயமாக்கிய இடம், 2002-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலுக்கும் போன இடம். அதை வாசித்த பிள்ளைகளில் பலர் இன்னும் கடலையே பார்த்ததில்லை. வருகிற ஜனவரியில் கூட்டிப்போகிறேன், இது சத்தியம். வாத்தியம் ஒன்றுகூட வராது. பறவைகள் இருக்கும் இடத்தில் நாங்கள் கேட்க மட்டும்தான் போகிறோம்.

அண்ணே, வேனில் முன்சீட்டு உங்களுக்கு. லீவுக்கு முதலாளியிடம் நான் வந்து பேசுகிறேன்.