தாத்தா, பாட்டி காலத்து ரேடியோ: குரல் பதிவு அனுப்புங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊரில் கூடும்போது நம் வீட்டுப் பெரியவர்களின் பாட்டு கேட்ட கதைகளைப் போட்டுக் காட்டலாம் என்று பேசினோம் அல்லவா, அதற்கான அறிவிப்பு இது.

பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்றால் "என்னத்தைச் சொல்ல" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். வால்வு ரேடியோவின் குமிழைத் திருகிய பிறகு, சூடேறிச் சத்தம் வரும்வரை என்ன செய்வார்கள்? ஏரியல் கம்பியை எங்கே கட்டியிருந்தார்கள்? ரேடியோ வைத்திருப்பதற்கான லைசென்ஸ் கட்டணம் கட்ட அஞ்சலகத்துக்குப் போனது யார்? இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் பெயர் தானாக வரும்.

கிராமபோன் இருந்த வீடு என்றால் சாவி கொடுத்தது, ஊசி மாற்றியது எல்லாம் கேளுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் போச்சு. உடைத்தது யார் என்ற வழக்கு சில வீடுகளில் இன்னும் முடியவில்லை!

பதிவு ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. டிவியை அணைத்துவிட்டுப் பதியுங்கள். தொடக்கத்தில் பேசுபவர் பெயரும் ஊரும் வரட்டும். மார்கழி முடிவதற்குள் இந்தக் குழுவிலேயே அனுப்புங்கள், ஃபார்வர்டுகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேடி எடுக்க வசதி.