காவலாளி கேட்டது மன்னிப்பு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் லாகோஸ் பயணக் கட்டுரையில், "இங்கே காரணமே இல்லாமல் எதற்கெடுத்தாலும் 'சாரி' சொல்கிறார்கள், அடிமைக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை போலும்" என்று ஒரு வரி. படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நைஜீரியாவின் இபாதான் நகரில் ஒரு நூற்பாலையில் 11 ஆண்டு வேலை பார்த்தவன் நான். போய்ச் சேர்ந்த முதல் வாரம், மழை ஈரத்தில் கிடங்குப் படியில் வழுக்கி விழுந்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வயதான காவலாளி ஓடி வந்து "எ பெலே சார், சாரி சார்" என்றார். "நீங்க என்ன பண்ணீங்க, எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டேன். மனிதர் விழித்தார். என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் "எ பெலே" என்றார். "அடடா, அடி பட்டுடுச்சா, பாத்துங்க" என்று நாம் பதறுவோமே, அதுதான் அங்கே பேசும் யொரூபா மொழியில் 'பெலே'. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் கிடைக்காமல் 'சாரி' என்கிறார்கள். முன்னால் நிற்கும் 'எ' நம் 'நீங்கள்' போல மரியாதைக்கு. பெரியவரிடம் சிறியவர் வெறும் 'பெலே' சொல்லிவிட முடியாது. என்னைவிட மூத்தவர், ஊருக்குப் புதியவனான எனக்கு அந்த 'எ'யைப் போட்டுப் பேசினார். இதையா பயம் என்பது?

நாம் ஒரு வணக்கத்தை வைத்தே எல்லா இடத்திலும் சமாளித்துவிடுகிறோம். யொரூபாவில் 'எ கூ' என்று தொடங்கி, எதிரில் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறாரோ அதைச் சேர்த்து வாழ்த்துவார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு 'எ கூ இஜோகோ'. லாரியில் மூட்டை ஏற்றுபவரைக் கடக்கிறவன் 'எ கூ இஷே' சொல்லாமல் போனால் அது திமிர். மழைக்கு, பயணத்துக்கு, விருந்து வைத்துச் செலவழித்தவருக்கு, துக்க வீட்டுக்கு என்று தனித்தனியாக உண்டு. எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து, குழந்தையை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் என் மனைவியின் கையைப் பிடித்து "எ கூ எவூ" என்றார். எவூ என்றால் ஆபத்து. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வதை அந்த அம்மா ஒரே வாழ்த்தில் சொல்லிவிட்டார். இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் என் மனைவிக்குக் கண் கலங்கும்.

அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறிய யொரூபா மக்களுக்கு 'அகூ' என்று பெயர் வந்ததே இந்த வாழ்த்தால்தான். தாங்கள் அறியாததல்ல. அப்படி மீட்கப்பட்டவர்களில் ஒருவர்தான் சாமுவேல் அஜாயி க்ரௌதர். 1843-இலேயே யொரூபாச் சொற்களைத் தொகுத்து அச்சிட்டவர், 1864-இல் கிறிஸ்தவத் திருச்சபையில் ஆயர் ஆனவர். அந்த மொழியைத்தான் இரண்டாண்டுக்கு முன் ஒரு படக்குறிப்பில் 'நைஜீரிய வட்டார வழக்கு' என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. நான் ஊர் திரும்பியபோது "அங்கெல்லாம் நம்மள மாதிரி ஒழுங்கா பேசுவாங்களா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். அவர்களை நான் நோகவில்லை. அவர்கள் படிப்பது தங்களைப் போன்ற ஆசிரியர்களின் பத்திரிகைகளைத்தானே.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமில்லை என்று இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும், 'எ பெலே'யில் இருக்கும் அந்த 'எ'யை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
காரைக்குடி